ஒளியிழை, சீரொளி, உணரி: அறிவியல் வரலாறும் சொல்வரலாறும் – குமுளி எல்லையை முன்வைத்து

1. முன்னுரை

ஓர் அறிவியல் கருவியின் வரலாறு ஆய்வகத்தோடு முடிந்துவிடுவதில்லை. அக்கருவி கூறும் செய்தியை மக்கள் தம் மொழியில் பெறும்போதே அவ்வரலாறு நிறைவெய்துகிறது. கண்ணாடி இழையின் வழியே ஒளியைச் செலுத்தி வெப்பநிலை, அழுத்தம், திரிபு, வேதிப்பொருள்களின் செறிவு ஆகியவற்றை அளக்கும் ஒளியிழை உணரிகளும், அவற்றை இயக்கும் லேசர்களும் உருவான வரலாற்றைச் சுருக்கமாக உரைப்பதும், அவற்றுக்குத் தமிழில் அமைந்த சொற்களை மொழியியல் நோக்கில் ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். தமிழும் மலையாளமும் அன்றாடம் கலந்து வழங்குவதும், ஓர் அணையின் பாதுகாப்பு இருமொழியினரின் கவலையாக இருப்பதும் கருதி, இடுக்கி மாவட்டத்துக் குமுளி எல்லைப்பகுதி ஆய்வுக்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது.

2. சிதறிய ஒளியும் வளைந்த ஒளியும்

ஒளியிழை உணரிகளுள் ஒரு பெரும் வகைக்கு அடிப்படையாக அமைந்தது இராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து கல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28 அன்று இதனைக் கண்டறிந்தார். 1898இல் பிறந்த கிருஷ்ணனின் ஊர் வத்திராயிருப்பு. பெரியாறு நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்துள்ள மலைத்தொடரின் கிழக்கடிவாரத்தில் அவ்வூர் அமைந்துள்ளது.

ஒரு பொருளில் படும் ஒளியின் மிகச் சிறு பகுதி அலைநீளம் மாறிச் சிதறுகிறது என்பதே அக்கண்டுபிடிப்பின் சாரம். இவ்வாறு சிதறும் ஒளி மிக மங்கலானது. எனவே 1930இல் நோபல் பரிசு பெற்ற பின்னரும், இவ்விளைவு பல ஆண்டுகள் ஆய்வகத்து நுண்ணளவீட்டு முறையாகவே நின்றது. அதனை வெளியுலகிற்குக் கொணர இரு துணைகள் வேண்டியிருந்தன. செறிவுமிக்க ஒளிமூலம் ஒன்று. ஒளியை நெடுந்தொலைவு இழப்பின்றிக் கொண்டுசெல்லும் பாதை மற்றொன்று.

முதல் துணை, தியோடர் மைமன் 1960இல் அமெரிக்காவில் இயக்கிக் காட்டிய மாணிக்கக்கல் லேசர். இரண்டாம் துணையின் தொடக்கத்திலும் ஓர் இந்தியர் உண்டு. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்சுடன் இணைந்து, கண்ணாடி இழைக்கற்றையின் வழியே உருவத்தைச் செலுத்தியதை 1954இல் வெளியிட்டார். அன்றைய இழைகளில் ஒளி சில மீட்டர்களிலேயே தேய்ந்துவிடும். தேய்மானம் கிலோமீட்டருக்கு 20 டெசிபல் அளவிற்குக் குறைந்தால், அதாவது ஒரு கிலோமீட்டருக்குப் பின் நூற்றில் ஒரு பங்கு ஒளியேனும் எஞ்சினால், இழைவழித் தொலைத்தொடர்பு இயலும் என்று சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்காமும் 1966இல் நிறுவினர். கார்னிங் நிறுவனத்தார் 1970இல் அவ்வெல்லையைக் கடந்தனர். இன்றைய இழையில் தேய்மானம் சுமார் 0.2 டெசிபல், ஒரு கிலோமீட்டருக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி எஞ்சுகிறது.

3. பாதையே கருவியாதல்

தொலைத்தொடர்புப் பொறியாளருக்கு இழையைத் தாக்கும் வெப்பமும் இழுவிசையும் இடையூறுகள். அவ்விடையூறுகளையே அளவிடுபொருளாகக் கொண்டபோது உணரி பிறந்தது. 1978இல் கனடாவின் ஒட்டாவாவில் கென்னத் ஹில்லும் அவர்தம் குழுவினரும், இழையின் உள்ளகத்திலேயே ஒளிவிலகல் எண் சீரான இடைவெளியில் மாறுமாறு அமைக்க இயலும் எனக் கண்டனர். பிராக் கீற்றணி எனப்படும் இவ்வமைப்பு ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் எதிரொளிக்கும். இழை நீண்டாலோ வெப்பமுற்றாலோ அவ்வலைநீளம் நகரும். 1550 நானோமீட்டர் ஒளியில், ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் நகர்வு ஏற்படுகிறது.

இராமன் விளைவின் வழியமைந்த உணரி வேறு வகையினது. இதில் இழை முழுவதுமே உணர்கிறது. இழையின் ஒரு முனையில் லேசர்த் துடிப்பு செலுத்தப்படுகிறது. வழிநெடுகச் சிதறி மீளும் ஒளியில், அலைநீளம் கூடிய கூறும் குறைந்த கூறும் உண்டு. இவ்விரண்டின் விகிதம் அவ்விடத்து வெப்பநிலையைக் காட்டும். ஒளி மீள எடுத்துக்கொண்ட நேரம் இடத்தைக் காட்டும். கண்ணாடியில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 10 நானோநொடி வேறுபாடு ஒரு மீட்டர் தொலைவுக்கு ஈடாகும். 1985இல் ஜான் டாக்கின் குழுவினர் குறைகடத்தி லேசரைக் கொண்டு இம்முறையைச் செயற்படுத்திக் காட்டினர்.

இதற்கிடையில் இழையே லேசராகவும் ஆயிற்று. அருமண் தனிமங்களைக் கலந்த கண்ணாடி இழையில் லேசர் செயலை எலியாஸ் சினிட்சர் 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். 1987இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து டேவிட் பெய்ன் குழுவினர் வெளியிட்ட எர்பியம் இழைப்பெருக்கி, தொலைத்தொடர்பின் போக்கையே மாற்றியது.

இந்தியாவில் இத்துறை பல மையங்களில் வளர்ந்தது. கல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி மற்றும் மட்பாண்ட ஆராய்ச்சி நிறுவனம் சிறப்பிழைகளையும் இழை லேசர்களையும் உருவாக்குகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இழை உணரி ஆய்வில் ஈடுபட்டுள்ளன. கேரளத்தில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஒளியணுவியல் பள்ளி 1995இல் நிறுவப்பட்டது. சி. பி. கிரிஜாவல்லபன், வி. பி. என். நம்பூதிரி, பி. ராதாகிருஷ்ணன் முதலியோர் அங்கு இத்துறையை வளர்த்தனர். தேங்காயெண்ணெயில் கலக்கப்படும் பாரபின் எண்ணெயைக் கீற்றணி இழையால் கண்டறியும் ஆய்வும் கேரளத்தில் நிகழ்ந்துள்ளது. மண்ணின் தேவையை ஒட்டி ஆய்வுப்பொருள் அமைந்தமைக்கு இது நல்ல சான்று.

4. சொற்களின் அமைப்பு

தமிழில் அறிவியல் சொல்லாக்கத்தை ஒழுங்கான முயற்சியாக மேற்கொண்ட அமைப்புகளுள் ஒன்று, இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் 1916இல் சேலத்தில் கண்ட சங்கம். சொல்லாக்கத்தில் நிலவும் இரு நெறிகளும், அதாவது ஒலிபெயர்ப்பும் பொருள்பெயர்ப்பும், இத்துறையிலும் காணப்படுகின்றன.

‘லேசர்’ என்பது ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துகளால் அமைந்த சொல். கார்டன் கூல்டு 1957இல் தம் குறிப்பேட்டில் அதனை எழுதினார். தூண்டு உமிழ்வால் ஒளி பெருக்கமுறுதல் என்னும் உருவாகும் முறையை அது சுட்டுகிறது. தமிழ் ஆக்கமான ‘சீரொளி’ முறையை விடுத்துப் பண்பைச் சுட்டுகிறது. அலைகள் ஒரே நடையில் ஒழுங்குபட்டுச் செல்லுதலே அப்பண்பு. யாப்பில் ஓசையின் ஒழுங்கான அலகினைக் குறிக்கும் ‘சீர்’ என்னும் சொல்லே இங்கும் நிற்பதால் பொருட்பொருத்தம் மிகுகிறது. எனினும் வழக்கில் ‘லேசர்’ என்பதே வென்றது. கண் மருத்துவமனையும் அச்சுக்கூடமும் அச்சொல்லை முன்னரே மக்களிடம் சேர்த்துவிட்டமை இதற்குக் காரணம் எனலாம்.

‘ஒளியிழை’, ‘ஒளிநார்’ என இரு வடிவங்கள் வழங்குகின்றன. நார் என்பது மட்டையிலிருந்தோ பட்டையிலிருந்தோ உரிக்கப்படுவது. இழை என்பது நூற்கப்படுவது. கண்ணாடி இழை, பருத்த கண்ணாடித் தண்டினை உருக்கி மெல்லிதாக இழுத்துச் செய்யப்படுவதாதலால் ‘இழை’ என்பதே செய்முறைக்கு நெருக்கமானது. நார், இழை ஆகிய இரு சொற்களும் மலையாளத்தில் ‘நார்’, ‘இழ’ என வழங்குவதால், இவ்வாக்கம் எல்லைக்கு அப்பாலும் புரியத்தக்கது.

‘உணரி’ என்பதில் ‘உணர்’ என்னும் வினையடி, வினைமுதற்பொருளிலும் கருவிப்பொருளிலும் வரும் இகர விகுதி பெற்றுள்ளது. கடத்தி, மின்மாற்றி, ஒலிபெருக்கி என்பனவும் இவ்வமைப்பினவே. ‘உணர்கருவி’ என்பதினும் இது சுருக்கமானது. ‘ஒளியிழை உணரி’, ‘வெப்ப உணரி’ எனத் தொடராக்கத்திற்கும் இடந்தருவது.

5. குமுளி: ஓர் அணை, இரு மொழி

குமுளிக்கு அருகிலுள்ள முல்லைப்பெரியாறு அணை, 1886ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, ஜான் பென்னிகுக் தலைமையில் 1887 முதல் 1895 வரை சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையால் கட்டப்பெற்றது. அணை இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு, நீர் சுரங்கவழியே கம்பம் பள்ளத்தாக்கிற்கும் வைகைப் படுகைக்கும் செல்கிறது. கீழ்நிலப்பகுதியில் வாழும் மலையாள மக்களுக்கு அது அச்சம். தேனி, மதுரை உழவர்களுக்கு அது வாழ்வு. நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றம் 2006இலும், பின்னர் 2014இலும் இசைவளித்தது. 136, 142 என்னும் எண்கள் அளவைகளாக இருந்த நிலை மாறி, இருபுறத்தும் முழக்கங்களாயின.

அணையின் உடல்நலத்தைக் காட்டும் குறிகளுள் முதன்மையானது கசிவுநீர். இங்குச் சொல்லின் பங்கு நோக்கத்தக்கது. தமிழில் ‘கசிவு’ மென்மையான சொல். கண்கசிவு, மனக்கசிவு என்பவற்றோடு உறவுடையது. கற்கட்டு அணையில் ஓரளவு கசிவு இயல்பு என்னும் பொறியியற் கருத்தை அது எளிதில் தாங்கும். மலையாளத்தில் ஒழுகும் கூரைக்கு வழங்கும் ‘சோர்ச்ச’ என்னும் சொல் பழுது என்னும் குறிப்பினை உடையது. தமிழில் ‘கண்ணீர் சோர்தல்’ என்னும் வழக்கில் அதன் இனச்சொல் எஞ்சியுள்ளது. ஒரே அளவீடு ஒருமொழியில் இயல்பாகவும் மற்றதில் ஆபத்தாகவும் ஒலிக்கக் கூடும். இதனைத் தவிர்க்க ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்து எழுதினால், இருமொழி உழவருக்கும் அது வெற்றொலியாகிறது.

ஒளியிழை உணரி இச்சிக்கலுக்கு இருமுகப் பொருத்தம் உடையது. அணையின் உடல் மெதுவாகவே வெப்பநிலை மாறும். நீர் கசியும் இடமோ நீர்த்தேக்கத்தின் வெப்பநிலையைப் பின்தொடரும். ஆதலின் அணையுள் பதித்த இழை கசிவின் இடத்தை மீட்டர் அளவில் காட்ட வல்லது. 1990களிலிருந்து ஐரோப்பிய அணைகளிலும் கரைகளிலும் இம்முறை கையாளப்படுகிறது. அது தருவது ஒற்றை எண் அன்று. இடந்தோறும் காலந்தோறும் மாறும் எண்களின் வரிசை. அவ்வரிசையை விளக்க ‘கசிவு’, ‘ஊறல்’, ‘ஒழுக்கு’, ‘விரிசல்’, ‘உடைப்பு’ என்பவற்றைப் படிநிலைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்த கலைச்சொற்கள் வேண்டும். அவை இருமொழிக்கும் இணையாக வகுக்கப்படுதல் வேண்டும்.

6. முடிவுரை

கருவிகளின் வரலாறு நாடுகளைக் கடந்து நடந்தது. தமிழகத்தில் பிறந்த இருவர் கண்ட விளைவு பிற நாட்டார் கண்ட லேசரோடும் இழையோடும் சேர்ந்து உணரியாயிற்று. அதற்கான தமிழ்ச் சொற்களுள் ஒளியிழை, உணரி ஆகிய இரண்டும் அமைப்பாலும் பொருளாலும் நிலைபெறத் தக்கன என்பதும், அளவீட்டின் முடிவுகளைக் கூறும் சொற்களே இன்னும் வரையறை வேண்டி நிற்கின்றன என்பதும் இவ்வாய்வால் பெறப்படும். அணைக்கட்டு என்பதையே ‘அணக்கெட்டு’ என வழங்கும் அண்டை மொழியோடு இணைந்து இருமொழி அணையியற் சொற்றொகுதி ஒன்றை உருவாக்குவது மொழியியலாருக்கும் பொறியியலாருக்கும் உரிய உடனடிப் பணியாகும். குமுளியின் கடைத்தெருவில் இரு மொழியையும் பேசும் ஒருவர், காலைச் செய்தித்தாள்கள் இரண்டையும் படித்து, அணையைப் பற்றி ஒரே பொருளைப் பெறுதல் வேண்டும். அத்தொகுதியின் பயனை அளத்தற்கு அதுவே தக்க அளவுகோல்.