ஆலந்தலையிலிருந்து ஒரு கடிதம்: தண்ணீர் ஏற்றிப் போன தோணிகள்

தங்கச்சி மகன் தாய்லாந்து போய்விட்டு வந்தான். கிராபி என்று ஒரு ஊர். காலையில் எட்டு மணிக்குப் படகில் ஏற்றி, நாலு தீவைச் சுற்றிக் காட்டி, நடுவில் நிறுத்திக் கடலில் குளிக்க விட்டு, மதியச் சாப்பாடும் படகிலேயே போட்டு, சாயங்காலம் கரையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்களாம். போனில் படம் படமாகக் காட்டினான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டான்.

"நமக்கும் தூத்துக்குடியில இருந்து பாம்பன் வரைக்கும் இருபத்தியொரு தீவு இருக்குல்லா மாமா? இப்படி ஒரு படகு ஏன் விட மாட்டேங்காவ?"

அன்றைக்குச் சொன்ன பதில் சின்னது. மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் கால் வைக்க முடியாது. பாம்பன் பக்கம் குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளோ ஏற்கெனவே நொந்து கிடக்கின்றன. சுண்ணாம்புக்காக எத்தனையோ வருடம் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் தீவு கரைந்தது. விலாங்குச்சல்லி முழுவதுமாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. வான் தீவும் காரியச்சல்லியும் தேய்ந்துகொண்டே வருகின்றன. இதில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஐம்பது பேர் தினமும் போய் இறங்கினால் என்ன ஆகும்?

அவன் சரி என்று போய்விட்டான். எனக்குத்தான் அந்தப் பேச்சு விடவில்லை. தீவு, படகு, அதில் சாப்பாடு என்று அவன் சொன்னபோது எனக்கு 1544-ஆம் வருடத்துக் கடிதம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. எழுதப்பட்ட இடம் ஆலந்தலை. அம்மா பிறந்த ஊர் என்பதால் அந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் கண் நின்றுவிடும்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற கடற்கரை ஊர் ஆலந்தலை. திரு இருதய ஆண்டவர் கோயிலால் இன்றைக்குப் பலருக்குத் தெரியும். முத்துக்குளித்துறையின் ஏழு பெரிய ஊர்களைச் சொல்லும்போது வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று வடக்கிலிருந்து தெற்காக அடுக்குவார்கள். போர்த்துக்கீசியர் காதில் விழுந்தபடி இதை அலெந்தாலே என்று எழுதினார்கள். புன்னைக்காயல் புனிக்காலே ஆனது, வேம்பார் பெம்பார் ஆனது. பழைய கடிதங்களைப் படிக்க உட்கார்ந்தால் முதல் வேலை இந்த ஊர்ப்பெயர்களைத் திரும்பத் தமிழாக்குவதுதான்.

கடிதம் எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். தேதி செப்டம்பர் 5. எழுதப்பட்டது புன்னைக்காயலில் இருந்த அவருடைய துணையாள் மான்சிலாசுக்கு. விஷயம் இது. தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசியக் கேப்டனின் கப்பலையும் வீடுகளையும் எரித்துவிட்டார்கள், அவர் தீவுகளுக்கு ஓடிவிட்டார் என்று செய்தி வந்திருக்கிறது. உடனே புன்னைக்காயல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, தோணிகள் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பு என்கிறார். கொம்புத்துறை, வேம்பார் பட்டங்கட்டிகளுக்கும் தனியாக எழுதியிருப்பதாகச் சொல்கிறார். அவர்கள் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். தோணி நிறைய வேண்டும், தீவில் கிடக்கிற சனங்களைக் கரைக்குக் கொண்டுவர வேண்டுமே.

கவனியுங்கள், முதலில் தண்ணீர். சோறு அதற்கப்புறம்.

இந்தக் கடலோரத் தீவுகளைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. பவளப்பாறை மேலே மணல் ஏறிப் படுத்திருக்கிற தீவுகள் அவை. மழைத்தண்ணீர் கொஞ்சம் மணலுக்குள் நிற்கும், பிறகு உப்பாகிவிடும். வேம்பாருக்கு எதிரே இருக்கிற தீவுக்கூட்டத்தில் ஒன்றின் பெயர் நல்லதண்ணி தீவு, இன்னொன்றின் பெயர் உப்புத்தண்ணி தீவு. வைத்தவன் கவிஞன் இல்லை. எந்தத் தீவில் இறங்கினால் பிழைக்கலாம், எதில் இறங்கினால் பிழைக்க முடியாது என்று அடுத்த படகுக்காரனுக்குச் சொல்லி வைத்திருக்கிறான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீவில் எத்தனை பேர் கிடந்தார்கள் என்று கடிதத்தில் எண்ணிக்கை இல்லை. பேச்சுக்கு 200 பேர் என்று வைப்போம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றால் 600 லிட்டர், அதாவது 600 கிலோ, பானை எடை தனி. செப்டம்பர் வெயிலில் ஒரு நாளைக்கு மட்டும் இவ்வளவு. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் கேன் கிடையாது. மண்பானையோ மரப்பீப்பாயோதான், ஆடுகிற தோணியில் தளும்பாமல், உடையாமல் கொண்டுபோக வேண்டும். போகும்போது தண்ணீர்ப் பாரம், வரும்போது ஆள் பாரம்.

ஏன் புன்னைக்காயல்? மான்சிலாஸ் அங்கே இருந்தார் என்பது ஒரு காரணம். தாமிரபரணி கடலில் சேருகிற இடம் புன்னைக்காயல் என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆற்றோரத்து ஊரில் நூறு பானை தண்ணீர் நிரப்புவதும், வெறும் மணல்கரையில் நூறு பானை நிரப்புவதும் ஒன்றில்லை. ஆலந்தலைக்குப் பக்கத்திலேயே, கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறுகிற நாழிக்கிணறு திருச்செந்தூரில் இருக்கிறது. ஆனால் அது நாழி நாழியாக மொள்ளுகிற கிணறு, தோணி தோணியாக இறைக்கிறது இல்லை.

காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே வருடம் ஜூன் மாதம் இதேமாதிரி ஒரு பயணம் கிளம்பித் தோற்றிருக்கிறது. கடிதங்கள் வடுகர் என்று சொல்லுகிற விஜயநகரப் பக்கத்துப் படை தெற்கே வந்து கடலோர ஊர்களில் புகுந்தபோது, கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடலுக்குள் நிற்கிற பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். அங்கே பசியிலும் தாகத்திலும் சாகிறார்கள் என்று கேட்டு, மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு சவேரியார் புறப்பட்டார். எட்டு நாள் கடலில் கிடந்தும் போய்ச்சேர முடியவில்லை. காற்று எதிர்க்காற்று. திரும்பி வந்து, பிறகு தரைவழியாக நடந்து போனார். ஜூன் மாதத்தில் மணப்பாட்டிலிருந்து குமரிக்குப் பாய் விரிப்பவனுக்குத் தென்மேற்குக் காற்று முகத்தில்தான் அடிக்கும். இதைச் சொல்ல ஒரு கடிதம் வேண்டாம், மணப்பாட்டில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

செப்டம்பரில் கதை மாறுகிறது. புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்கு வடக்கே போக வேண்டும். அதே தென்மேற்குக் காற்று இப்போது முதுகில் தள்ளும். கஷ்டம் வேம்பார்க்காரர்களுக்கு. அவர்கள் வடக்கிலிருந்து தெற்கே காற்றை வெட்டி வர வேண்டும். துடுப்புப் போட்டோ, ராத்திரிக் கரைக்காற்றைப் பிடித்தோதான் வந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ராத்திரிக் கரைக்காற்று என்பது இந்த ஆட்களுக்குப் புதிது இல்லை. முத்துச் சலாபத்தின் ஒரு நாள் முழுக்க அந்தக் காற்றில்தான் ஓடியது. நடுராத்திரி வாக்கில் கரைக்காற்று எழும்பியதும் தோணிகள் கிளம்பும். விடியும்போது பாரில் இருக்கும். தொள்ளாயிரம் பார் என்று பெயர் பெற்ற பார் ஒன்று உண்டு. வெயில் ஏறினதும் குளி ஆரம்பம். காலில் கல், இடுப்பில் கூடை, மேலே கயிறு பிடிக்க ஒருவன். அந்தக் கயிற்றை மச்சான்காரன்தான் பிடிப்பான், தங்கச்சி தாலிக்காவது மூழ்கினவனை மேலே இழுப்பான் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்லுகிற கடல்கட்டிக்கும் சிப்பியில் பங்கு இருந்தது. உச்சிக்கு அப்புறம் கடல்காற்று திரும்பும், அதில் பாய் விரித்துக் கரைக்கு வந்துவிடுவார்கள். 1961-க்குப் பிறகு அப்படி ஒரு பெரிய குளிப்பு இந்தப் பக்கம் நடக்கவில்லை. தங்கச்சி மகன் கேட்ட 'முழுநாள் படகு' எங்கள் கடலில் இருந்ததுதான். குளியலும் இருந்தது. சாப்பாடுதான் குறைவு, வயிறு நிறையத் தின்றுவிட்டு மூச்சடக்கிக் கீழே போக முடியாது.

சரி, கடிதத்துக்கு வருவோம். அதில் என்னை உறுத்துகிற இடம் இன்னொன்று. தீவில் மாட்டிக்கொண்ட அந்தக் கேப்டனின் பெயர் கோஸ்மே தே பைவா. சவேரியாருக்கும் அவருக்கும் ஆகாது. நேரில் வந்திருப்பேன், ஆனால் நான் வந்தால் கேப்டனுக்குப் பிடிக்காது, நான் அவருக்கு ஏதோ பெரிய கெடுதல் செய்துவிட்டதாக எழுதியிருக்கிறார் என்று மனத்தாங்கலோடு அந்தக் கடிதத்திலேயே சொல்கிறார். அதனால்தான் மான்சிலாசை அனுப்புகிறார்.

புனிதர் வரலாறுகளில் இந்த இடம் வரும்போது பகைவனுக்கும் இரங்கிய பெரிய மனசு என்று எழுதுவார்கள். அது பொய் இல்லை. ஆனால் எனக்கு வேறு ஒரு கேள்வி. தண்ணீர் சுமந்தது யார்? தோணி யாருடையது? கொம்புத்துறையிலும் வேம்பாரிலும் பட்டங்கட்டிகள் ஓலையை வாங்கிப் படிக்கச் சொல்லி, தெருவில் ஆள் கூட்டி, இன்றைக்கு மீன்பாடு வேண்டாம், பானையை எடுத்து வா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பட்டங்கட்டிகளின் பெயர் கடிதத்தில் இல்லை. இத்தனைக்கும் அந்தக் கேப்டன் இவர்களைக் காப்பாற்றுவதற்காக வந்தவர். சில வருடங்களுக்கு முன்னால், 1530-களில், பரதவர்கள் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்த்துக்கீசியர் பாதுகாப்பைக் கேட்டு, ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றதே அதற்காகத்தான். 1544-இல் பார்த்தால் பாதுகாக்க வந்தவரை, பாதுகாப்புக் கேட்டவர்கள் தண்ணீர் கொண்டுபோய்ப் பாதுகாக்க வேண்டியிருந்தது.

தீவுக்கு ஓடினது கேப்டன் மட்டும் இல்லை. தூத்துக்குடிச் சனமும் ஓடியிருக்கிறது. எந்தத் தீவு என்று கடிதம் சொல்லவில்லை. கரைக்கு அருகே இருக்கிற முயல் தீவா, தள்ளி இருக்கிற வான் தீவா என்று எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். தீவுக்குப் போய் ஒளிவது அன்றோடு முடியவும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை நாயக்கரின் ஆட்களோடு தகராறு முற்றியபோது, தூத்துக்குடிக்காரர்கள் ஊரைக் காலி செய்துவிட்டு எதிரே இருந்த தீவில் போய்ச் சில வருடம் குடியே இருந்தார்கள். போர்த்துக்கீசிய ஏடுகளில் அதன் பெயர் அரசர் தீவு. அதை முயல் தீவு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த முயல் தீவு இப்போது தீவே இல்லை. 1974-இல் பெருந்துறைமுகமான புதுத் துறைமுகத்தின் வேலைகளில் கரையோடு ஒட்டிவிட்டது. காணும் பொங்கலன்று ஊரே புளியோதரை கட்டிக்கொண்டு வண்டியில் அங்கே போகும். நாங்களும் போவோம். தண்ணீர் கேனை வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டுதான்.

இதையெல்லாம் தங்கச்சி மகனிடம் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அந்தக் கேப்டன் பிழைச்சானா மாமா?"

பிழைத்தான். அதே வருடம் டிசம்பரில் கொச்சியிலிருந்து சவேரியார் எழுதிய கடிதத்தில் அவன் பெயர் வருகிறது. கரையில் அவன் அடித்த கொள்ளையையும், அவனுடைய பேராசையால் தூத்துக்குடியில் விழுந்த சாவுகளையும் சொல்லி, மனச்சாட்சியைச் சுத்தம் செய்துகொள்ள அவனுக்கு உதவும்படி மான்சிலாசிடம் கேட்கிறார். தூத்துக்குடி மக்களைக் கொன்றவர்களிடமிருந்தே அவன் பணம் வாங்கியிருக்கிறான், அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல் என்கிறார்.

"சரி, அந்தச் சனங்க? வீட்டுக்குத் திரும்பிப் போனாங்களா?"

நல்ல கேள்வி. நவம்பர் 10 தேதியிட்ட மணப்பாட்டுக் கடிதத்தில் அதற்குப் பாதிப் பதில் இருக்கிறது. தூத்துக்குடியை விட்டு ஓடினவர்களின் வீடுகளில் அதற்குள் வேறு ஆட்கள் குடியேறியிருந்தார்கள், அவர்களும் ஞானஸ்நானம் வாங்கினவர்களே. ஊர் இழந்தவர்கள் இரண்டு மாதம் கழிந்தும் வெளியேதான் நிற்கிறார்கள். சவேரியாருக்குக் கோபம். அந்த வீடுகளில் இருக்கிற எவனையும் சங்கு குளிக்கக் கூப்பிடக் கூடாது, நம் கடலின் பலன் அவர்களுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போடுகிறார். புன்னைக்காயல் ஆட்கள் விரும்பினால் தூத்துக்குடித் தீவுகளுக்குச் சங்குக்குப் போகலாம், அதற்குத் தடை இல்லை என்கிறார்.

புன்னைக்காயலில் தோணி அப்படியொன்றும் கணக்கில்லாமல் இருந்திருக்காது. செப்டம்பரில் பானை ஏற்றிப் போன தோணிகள்தான் நவம்பரில் சங்குக்கும் அதே தீவுகளுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை அவர்களுக்கு வேண்டிய தண்ணீர் மட்டும் ஏற்றிக்கொண்டு.