உறங்கும் பகைவன்



மழைக்காலத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு நோய் நினைவிருக்கும். வெட்டிய இடத்துக்குச் சற்று மேலே, பட்டையில் கறுப்புக் கோடுகள் செங்குத்தாக ஓடும். கவனிக்காமல் விட்டால் பட்டை அழுகிவிடும். இதைச் செய்வது நீர்ப்பூசணம் என்னும் நுண்ணுயிர். பெயர்தான் பூசணம், உறவில் இது கடற்பாசி இனத்துக்கே நெருக்கம். ஈரம் கிடைத்தால் இதன் வித்துகள் நீந்திச் செல்லும்.

இந்தக் குலத்தின் கொடுமையை உலகம் கண்டது அயர்லாந்தில். அங்கே ஏழைகள் உருளைக்கிழங்கு ஒன்றையே நம்பி வாழ்ந்தார்கள். 1845-ல் செடிகள் கருகின, கிழங்குகள் அழுகின. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி நாட்டைவிட்டுப் போனார்கள். நோய்க்குக் காரணம் இந்த நுண்ணுயிரே என்பதை 1861-ல் ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி நிறுவினார்.

அந்தக் காலத்து நோயிலைகள் சில, உலர்ந்த நிலையில் இன்றும் காப்பகங்களில் உள்ளன. 2013-ல் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்த மரபுப்பொருளைப் படித்து, நோயின் வமிசத்தை அறிந்தார்கள். ஆனால், செத்த பகைவனிடம் மருந்தைச் சோதிக்க முடியுமா? புதிய கன்று நோயைத் தாங்குமா என்று பார்க்க முடியுமா? அதற்குப் பகைவன் உயிரோடு வேண்டும்.

அவனை உயிரோடு வைத்திருப்பது எளிதன்று. தயிருக்கு உறை குத்துவதுபோல, பழைய குழாயிலிருந்து புதிய குழாய்க்கு ஓயாமல் மாற்ற வேண்டும். ஒருமுறை மறந்தால் போயிற்று. மறக்காவிட்டாலும், பல தலைமுறை குழாயிலேயே வளர்ந்தவன் நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்துவிடக்கூடும். பல பூசணங்களின் வித்துகளைப் போல உலர்த்தி வைக்கலாம் என்றால், நீர்ப்பூசணம் பெரும்பாலும் அதைத் தாங்குவதில்லை.

சரி, உறைய வைக்கலாமே? கீரையைப் பனிப்பெட்டியில் உறையவிட்டு வெளியே எடுத்துப் பாருங்கள், துவண்டு குழைந்துவிடும். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி, உயிரணுக்களைச் சிதைத்துவிடுகிறது.

இதற்கு வழி பிறந்தது ஒரு தவற்றால். 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர் சேவலின் விந்தணுக்களை உறையவைத்துப் பிழைக்கச் செய்தார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த புட்டிதான் அந்த வெற்றியைத் தந்தது. சோதித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது கிளிசரின்! பெயர்ச்சீட்டு மாறிப்போயிருந்தது. நீர் கூரிய பனிக்கட்டியாவதைக் கிளிசரின் தணிக்கிறது என்பது தெரிந்தது. 1960-ல் ஹ்வாங் என்னும் ஆய்வாளர், பூசணங்களைத் திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்கலாம் என்று அமெரிக்காவில் காட்டினார். பின்னர் நீர்ப்பூசணங்களுக்கும் அவ்வழி பயன்பட்டது.

முறை இதுதான். இளம் வளர்ச்சியின் ஓரத்திலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, கிளிசரின் கலந்த நீரில் போட்டு, சிறு குழாயில் அடைப்பார்கள். நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் மெல்லக் குளிரவைப்பார்கள். பிறகு உறைநிலைக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனில் இறக்குவார்கள். அங்கே வளர்ச்சி இல்லை, முதுமை இல்லை. உயிர் மட்டும் உறங்குகிறது. எழுப்பும்போது மட்டும் அவசரம் வேண்டும்: வெதுவெதுப்பான நீரில் விரைவாக இளக்க வேண்டும். அப்படியும் சில எழுவதில்லை. அதனால்தான் ஒரே வகையைப் பல குழாய்களில் வைக்கிறார்கள்.

கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரப் பல்கலைக்கழகத்தில், பல நாடுகளிலிருந்து வந்த இவ்வினங்கள் ஆயிரக்கணக்கில் இப்படிச் சேர்த்து வைக்கப்பட்டன. நாளை ஏதோ ஒரு தோட்டத்தில் புதிய நோய் தோன்றினால், வந்தவன் பழையவனா புதியவனா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய மருந்து இன்னும் கேட்குமா என்றும் சோதிக்கலாம்.

நேயர்களே, விதைநெல்லைக் காப்பது நாம் அறிந்த வழக்கம். பயிரைக் கெடுப்பவனையும் காத்து வைக்க வேண்டியிருக்கிறது என்பதை, பஞ்சத்தில் மாண்டவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடமாகக் கொள்வோம்.