இறந்தவரின் எஸ்டேட்

நம் ஊர்த் தமிழில் 'எஸ்டேட்டு' என்றால் ரப்பர் தோட்டம்தான். சட்டத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: ஒருவர் செத்தபின் விட்டுப்போகும் மொத்தச் சொத்து. முதல் எஸ்டேட்டில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இரண்டாவது எஸ்டேட் பெரும்பாலும் வாய்க்கவில்லை. மரம் கம்பெனியுடையது, லயத்து வீடும் கம்பெனியுடையது. 1951இல் இபிஎஃப் வந்த பிறகுதான் பால்மரம் சீவியவரின் பெயரிலும் மெல்லப் பணம் சேர ஆரம்பித்தது. பிறகு தாமான் வீடு, அதற்கொரு கிராண்டு. சொத்து வந்ததும் கூடவே ஒரு கேள்வியும் வந்தது: செத்தவருக்கு யார் மனைவி?

கேள்வி பழையது. சூ எங் சூன் என்ற சிங்கப்பூர்ச் சீனச் செல்வந்தர் இறந்தபோது ஆறு பெண்கள் 'நான்தான் விதவை' என்று நீதிமன்றத்தில் வந்து நின்றார்கள். 1908ஆம் ஆண்டின் அந்த வழக்குக்கு 'ஆறு விதவைகள் வழக்கு' என்றே பெயர். அப்போது இங்கே செல்லுபடியான பங்கீட்டுச் சட்டம் 1670இல் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. பிள்ளைகள் இருந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. எழுதியவர்கள் ஒரே ஒரு விதவையைத்தான் நினைத்திருப்பார்கள்! நீதிமன்றம் சீன மரபை விசாரித்து, அதில் பலதார மணம் உண்டு என ஏற்றது. மனைவி என நிரூபித்தவர்கள் அந்த ஒரு பங்கைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த ஏற்பாடு மலாயாவின் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்திலும் இடம்பிடித்தது.

தமிழர்களுக்கும் மரபே சட்டமாக இருந்தது. கோயிலிலோ வீட்டு வாசலிலோ தாலி கட்டினால் போதும். இரண்டாவது தாலியும் செல்லும். சிங்கப்பூர் 1961இல் மாதர் சாசனத்தைக் கொண்டுவந்து இதை முடித்துவைத்தது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் நிறைவேறி, நடைமுறைக்கு வர 1982 மார்ச் 1 வரை ஆனது. அன்றோடு இரண்டாவது தாலி செல்லாது. பதிவு கட்டாயம்.

அந்தத் தேதிக்கு முன் மரபுப்படி முறையாக நடந்த கல்யாணங்களையெல்லாம் சட்டம் பதிவானவையாகவே எடுத்துக்கொண்டது. இங்கேதான் விசித்திரம். 1970இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட பாட்டி சட்டப்படி மனைவி. 2010இல் மண்டபம் பிடித்து, ஆயிரம் பேருக்குச் சோறு போட்டு, 'ரெஜிஸ்டர் அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்ட பேத்தியின் நிலை சந்தேகம். பதிவு செய்யாத ஒரே காரணத்தால் கல்யாணம் செல்லாமல் போகாது என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு சொல்கிறது. அதை வைத்து நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் தீர்ப்பளித்திருக்கின்றன. புருஷன் செத்த மாதத்தில் எந்தப் பெண்ணும் அந்தச் சூதாட்டத்தில் இறங்கக்கூடாது என்பது என் எண்ணம்.

அதனால்தான் லாயர் எடுத்தவுடன் "ரெஜிஸ்டர் பண்ணீங்களாம்மா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் அவர் முகம் மாறுவதில் வியப்பில்லை. பாட்டிக்கும் வேலை சுலபமில்லை. மனைவிதான், ஆனால் நிரூபிக்க வேண்டும். மாலையும் கழுத்துமாக எடுத்த படம், கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அன்று பந்தியில் உட்கார்ந்த யாராவது ஒரு கிழவரின் சத்தியப் பிரமாணம். ஒரு தோட்டத்தின் சமூக வரலாறே அந்தக் கோப்புக்குள் வந்து சேரும். நம் வரலாற்று ஆர்வலர்கள் ஏன் லாயர் ஆபீஸ் பக்கம் போவதில்லை என்று நான் யோசித்ததுண்டு.

பங்கிலும் ஓரவஞ்சனை இருந்தது. மனைவி உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து முழுவதும் புருஷனுக்கு. புருஷன் இறந்தால் பிள்ளைகள் உள்ள மனைவிக்கு அதே பழைய மூன்றில் ஒன்று. 1670இன் கணக்கு 1997 வரை ஓடியது! அந்த ஆண்டுத் திருத்தம் இருவரையும் சமமாக்கியது. இப்போது பெற்றோரும் பிள்ளைகளும் இருந்தால் துணைக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி.

உயில் எழுதினால் இந்தக் கணக்கே வேண்டாம். பதிவில்லாத துணைக்கும் எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் போதும். சொத்து பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. ஆனால் அதன் பிறகு பதிவுத் திருமணம் செய்துகொண்டால், அந்தத் திருமணத்தை எதிர்பார்த்தே எழுதுவதாக உயிலில் சொல்லியிருந்தால் ஒழிய, உயில் ரத்தாகிவிடும்.

இபிஎஃப் அப்படியில்லை. பதினெட்டு வயதில் ஃபேக்டரி வேலைக்குப் போகும் பையன் வாரிசு நியமனப் பாரத்தில் அம்மா பெயரை எழுதுகிறான். கல்யாணம் அதை மாற்றாது. அவனேதான் மாற்ற வேண்டும். பத்து வருடம் கழித்து, முறையாக ரெஜிஸ்டர் பண்ணித்தான் கட்டிக்கொள்கிறான். நாற்பதில் விபத்தில் போய்விடுகிறான். மனைவி கல்யாணப் பத்திரத்தோடு கவுண்டருக்குப் போகிறாள். பாரத்தில் இருப்பது மாமியார் பெயர்.