பால்மரத்தின் காவற் புரதம்

கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் பால்மரம் வெட்டி வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, இருள் பிரியும்போதே நிரைக்குள் இறங்குவர். காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு ஒழுகும். சில மணி நேரத்தில் ஒழுக்கு நின்றுவிடும். மங்கில் சேர்ந்த அளவே அன்றைய வரவு. ஆதலின் பால் ஏன் நிற்கிறது என்னும் வினா, ஆய்வுக்கூடத்தைப் போலவே கூலிக்காரரின் அடுப்பங்கரையையும் தொட்ட வினாவாகும்.

பிரேசில் நாட்டு மரம் இது. 1876-இல் விக்காம் திரட்டிய விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்தன; 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவும் முறையை அங்கு ரிட்லி வகுத்தார். 1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது.

பட்டையிலுள்ள உயிரணுக்கள் இடைச்சுவர் கரைந்து ஒன்றாகி, நீண்ட பாற்குழாய்கள் ஆகின்றன. அவற்றில் ரப்பர்த் துகள்களோடு லூட்டாய்டு எனும் நுண்பைகளும் மிதக்கின்றன. 1960-இல் ஆர்ச்சர் என்னும் அறிஞர் பாலிலிருந்து ஹெவியின் என்னும் புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 43 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம் அது. நான்கு கந்தகப் பிணைப்புகள் அதனை உறுதியாக இறுக்குகின்றன.

1966-இல் போட்மன் மலாயாவில் ஓர் உண்மையைக் காட்டினார். ஒழுக்குத் தளரும்போது வெட்டுவாயை மெல்லியதாக மீண்டும் சீவினால் பால் மறுபடி ஓடியது. எனவே அடைப்பு வெட்டுவாயிலேயே இருந்தது. காய்ந்து ஒட்டிய பாலை உரித்துவிட்டே அடுத்த வெட்டைத் தொடங்கிய தொழிலாளரின் கைகள் அவ்விடத்தை நன்கறிந்தவை.

அடைப்பின் பொருளை 1994-இல் வெளிவந்த ஆய்வு மேலும் விளக்கிற்று. வெட்டினால் நுண்பைகள் உடைய, வெளிப்படும் ஹெவியின் ரப்பர்த் துகள்களைக் கோத்துத் திரளாக்குகிறது, குழாய்வாய் மூடுகிறது. பூஞ்சையின் உடற்சுவரிலுள்ள கைட்டினையும் அது பற்றும்; பூஞ்சை வளர்ச்சியைத் தடுக்கும். புண்ணை அடைப்பதும் பகையைத் தடுப்பதும் ஒரு புரதத்தின் இருதொழில்கள். ரப்பர்க் கையுறை அணிவோருட் சிலருக்கு ஒவ்வாமை விளைப்பதாகப் பின்னர்க் கண்டறியப்பட்ட புரதங்களுள் இதுவும் ஒன்று.

அடைப்பைத் தாமதப்படுத்தி ஒழுக்கை நீட்டும் எத்திபான் மருந்து 1970-களில் தோட்டங்களிற் பரவியது. அளவு மீறினால் மரத்தின் பட்டை வறண்டு, பாலே வாராது போகும். மனிதருக்கு இழப்பாகத் தோன்றும் அவ்வடைப்பு, மரத்திற்கோ உயிர்க்காவல். அக்காவலை மதித்து வெட்டிய மரமே நெடுநாள் பால் தந்தது.