மன்னிப்பு வேண்டுதலும் பாவமின்மையும்: கார்த்தேஜ் பேரவை (கி.பி. 418) பற்றிய ஒரு நோக்கு

மனிதன் பாவமின்றி வாழ இயலுமா என்னும் வினா, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைக் கிறித்தவத் திருச்சபையில் பெரும் விவாதமாக எழுந்தது. வரலாற்று நூல்கள் பலவும் இதனை மனித முயற்சிக்கும் இறையருளுக்கும் இடையிலான கோட்பாட்டுப் போராகக் காட்டுகின்றன. எனினும், அதன் முடிவில் எளிய மக்கள் நாள்தோறும் சொல்லிவந்த ஒரு செபத்திற்கும் பெரும்பங்குண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

பிரித்தானியாவிலிருந்து உரோமைக்கு வந்த பெலாஜியுஸ், பெயரளவில் கிறித்தவராக இருந்தோரின் ஒழுக்கத் தளர்ச்சியைக் கண்டு மனம் நொந்தவர். இறைவன் ஒன்றைக் கட்டளையிட்டால் அதை நிறைவேற்றும் ஆற்றலையும் மனித இயல்பில் வைத்திருப்பார் என்று அவர் வாதிட்டார். துறவு பூண்ட தெமெத்ரியாஸ் என்னும் உயர்குடி இளம்பெண்ணுக்கு அவர் எழுதிய மடலில் இக்கருத்தை விரிவாகக் காணலாம். விண்ணகத் தந்தையைப் போல நிறைவுள்ளவராக இருக்குமாறு மத்தேயு நற்செய்தி பணிப்பதும் அவர்தம் கொள்கைக்கு இசைந்ததே. (அங்கு வரும் கிரேக்கச் சொல் ‘இலக்கை எட்டிய’ என்றே பொருள்படும்; பழைய தமிழ் விவிலியத்தின் ‘பூரண சற்குணர்’ என்னும் ஆக்கம் அதற்கு ஒழுக்கச் சாயலை ஏற்றிவிட்டது.)

410இல் உரோமை சூறையாடப்பட்டபோது பலர் வட ஆப்பிரிக்காவிற்குச் சென்றனர். அங்கு ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீன் இக்கொள்கையை எதிர்த்தார். ஆயினும், இறையருளால் பாவமின்மை இயலக்கூடியதே என்று 412இல் அவரே ஒப்புக்கொண்டார். கிறிஸ்துவைத் தவிர எவரும் அவ்வாறு வாழ்ந்ததில்லை என்பதே அவரது மறுப்பு. 415இல் பாலஸ்தீனத்தின் தியோஸ்பொலிஸ் நகரில் 14 ஆயர்கள் முன்னிலையில் பெலாஜியுஸும் ஏறத்தாழ அவ்வாறே கூறி விடுதலை பெற்றார். அவ்வாறாயின் 418 மே மாதம் கார்த்தேஜில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடி எதைக் கண்டித்தனர்?

அப்பேரவையின் விதிகளுள் மூன்று பாவமின்மை பற்றியவை. அவற்றுள் இரண்டு, கிறிஸ்து கற்பித்த செபத்திலுள்ள மன்னிப்பு வேண்டுதலைப் பற்றியன. புனிதர்கள் அதனைப் பிறருக்காகவே சொல்கின்றனர் என்போரையும், பணிவுக்காகச் சொல்கின்றனரேயன்றி உண்மையாக அன்று என்போரையும் பேரவை கண்டித்தது. இதன் நுட்பம் கருதத்தக்கது. நிறைவடைந்தோர் சிலர் அச்சொற்களை ஒப்புக்குச் சொல்வாராயின், ஒரே கூரையின்கீழ்ச் செபிக்கும் சபை தூயோர், பாவிகள் என இரண்டாகப் பிளவுபடும். சறுக்கி விழுந்து எழும் சாதாரணக் கிறித்தவருக்கு அங்கு இடமிராது.

இவ்வெற்றிக்கு விலையும் இருந்தது. பச்சிளங் குழந்தையும் ஆதாமின் குற்றத்தைச் சுமக்கிறது என்னும் கடுமையான கொள்கை அதனுடன் நிலைபெற்றது. எக்ளானம் ஆயர் ஜூலியன் உட்பட இத்தாலிய ஆயர்கள் 18 பேர் கண்டனத்தில் ஒப்பமிட மறுத்துப் பதவியிழந்தனர். அவர்களது நீதியுணர்வை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்டு இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி நிறைவுக் கொள்கைக்கு மீண்டும் உயிரூட்டினார். தம் இயக்கத்தவருள் சிலர் வரம்பு மீறியதை அவர் கண்டார். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பெல், 1763 பிப்ரவரி 28இல் உலகம் முடியும் எனவும் அறிவித்தார். நிறைவு குறித்து 1766இல் வெளியிட்ட நூலில் வெஸ்லி, அறிந்த இறைச்சட்டத்தை மனமறிந்து மீறுவதே பாவம் என வரையறுத்தார். அறியாமையாலும் பிழைகளாலும் குறைவுபடும் நிறைவடைந்தோரும் அதே மன்னிப்பு வேண்டுதலைப் பிறருக்காக மட்டுமன்றித் தமக்காகவும் சொல்வது தகும் என்றும் எழுதினார்.