கொட்டியாரக் குடாவுக்கு வராத தண்ணீரின் கணக்கு

இலங்கையின் மிக நீண்ட ஆறான மாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அதற்கு முன்னரே பிரியும் வெருகல் ஆறு தனிவழியே கடலை அடைகிறது. மூதூர், கிண்ணியா, சேருவில, ஈச்சிலம்பற்றுப் பகுதிகளின் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் இவ்விரு கிளைகளைச் சார்ந்தவை. ஆனால் மாவலியின் வரலாறு பெரும்பாலும் மலைநாட்டு அணைகளோடு நின்றுவிடுகிறது.

1968இல் ஐ.நா. நிறுவனங்களின் துணையோடு வரையப்பட்ட பெருந்திட்டம் 30 ஆண்டுகளுக்கு உரியது. 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் ஆறு மறிக்கப்பட்டு, ஒரு பகுதி நீர் சுரங்கவழியே வறண்ட வலயத்துக்குத் திருப்பப்பட்டது. 1977இல் பதவியேற்ற அரசாங்கம் திட்டத்தைத் துரிதப்படுத்தியது. பிரிட்டன் விக்டோரியாவுக்கும், சுவீடன் கொத்மலைக்கும், மேற்கு ஜேர்மனி ரந்தெனிகலவுக்கும் உதவின. மின்சாரமும் நெல்லும் வரவில் ஏறின. வெள்ளம் தணிந்தால் ஆற்றோரச் சதுப்புகளான வில்லுகள் காயும். மணல் அணைகளுக்குள் தங்கிவிடும். வயல்களில் உரம் கலந்து வடியும் நீர் கடைமடைக்கு வரும். இவை செலவுப் பத்தியில் உரிய இடம் பெறவில்லை.

இழந்த நீரை ஆற்றுக்கு மீட்டளிக்க இயலுமா? அவுஸ்திரேலியா 2007ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2012ஆம் ஆண்டுத் திட்டத்தையும் கொண்டு, மறே - டார்லிங் படுகையில் விவசாயிகளின் நீருரிமையைப் பணம் கொடுத்து வாங்கி ஆற்றில் விடுகிறது. இலங்கையில் அவ்வழி இல்லை. பாசன நீருக்கு இங்கே விலை இல்லை. உழவரிடம் விற்கத்தக்க உரிமையும் இல்லை. விலை வந்தால் சிறு விவசாயி நிலைகுலைவான் என்ற அச்சமும் நியாயமானதே.

ஆயினும் மாவலிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பொல்கொல்லையில் திரும்பும் நீர் 40 மெகாவாட் உக்குவெலை நிலையத்தை இயக்குகிறது. இயற்கை வழியே விடப்பட்டால் அதே நீர் 210 மெகாவாட் விக்டோரியாவையும், அதன்கீழ் ரந்தெனிகல, ரந்தெம்பே நிலையங்களையும் கடந்து வரும். எனவே ஆற்றுக்கு விடும் நீர் முழு நட்டமன்று. கூடுதல் மின்சாரத்தின் வருவாயைக் கொண்டு, சிறுபோகத்தில் நெல்லைக் கைவிட்டு மாற்றுப்பயிர் செய்யும் கலாவெவ விவசாயிக்கு ஈடு செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த நீரை மினிப்பே அணைக்கட்டின் இருகரை வாய்க்கால்களும் உறிஞ்சிவிடக் கூடாது. ஆற்றுக்கென ஒதுக்கிய அளவு சட்டத்தால் காக்கப்பட வேண்டும்.

திருகோணமலை மாவட்டமும் திருப்பிய நீரின் பயனாளியே என்பதை மறைக்கலாகாது. அம்பன் கங்கை நீர் மின்னேரியா வழியே கந்தளாய்க் குளத்துக்கு வருகிறது. திருகோணமலை நகரின் குடிநீர் அக்குளத்தை நம்பியுள்ளது. ஒரே மாவட்டத்தில் பெறுவோரும் இழப்போரும் இருப்பதால், கணக்கு நேர்மையாக இருந்தே தீரவேண்டும்.

2006 ஜூலையில் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினர். அதைத் திறக்க அரசு படையை அனுப்பியது. ஆறு வற்றியதால் மூண்ட போர் அன்று அது. ஆயினும் கடைமடையில் ஒரு மதகு எத்தனை உயிர்களின் விலையைத் தாங்கி நிற்கிறது என்பதை அது காட்டியது. 2018இல் மொறகஹகந்தை நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்தது. வடக்கு நோக்கிய புதிய கால்வாய்களும் திட்டமிடப்பட்டன. வடக்கின் தாகம் உண்மையானது. அதைத் தீர்க்கும் கணக்கேட்டில் கொட்டியாரத்துக்கும் ஒரு பக்கம் திறக்கப்பட வேண்டும் என்பதே நாம் கேட்பது.