அரவம் என்னும் பெயர்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய வேலூர்ச் சாலையில், ஒரு பௌர்ணமி மாலை கிரிவலத்திற்கு வந்த தெலுங்கு மூதாட்டி ஒருவர், முழம் என்ன விலை என்று பூக்காரியிடம் தம் மொழியில் வினவி, அவள் தமிழில் சொன்ன விடை விளங்காமல், "அரவம் ராதம்மா", அதாவது தமிழ் வராதம்மா, என்று கையை விரித்தார். பூக்காரிக்கு அரவம் என்றால் பாம்பு, இல்லையேல் ஓசை. தான் பேசும் பாஷைக்கே அது பெயர் என்பதை அவள் அறியாள்.

அயலார் இடும் பெயர் எப்போதும் அன்பில் பிறப்பதில்லை. பிரிட்டனின் மேற்கே வாழும் மக்கள் தம்மைக் 'கம்ரி', அதாவது ஒரே நாட்டார், என்று சொல்லிக்கொள்ள, கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கிலேயரின் முன்னோர் அவர்களுக்கு இட்ட 'வெல்ஷ்' என்ற பெயரோ 'அந்நியர்' என்னும் பொருளது. இருந்தவரை வந்தவர் அந்நியராக்கிய அநீதி அது. நம் முன்னோரும் வேங்கடத்துக்கு அப்பாலிருந்தோரை வடுகர் என்று திசையைக் கொண்டே குறித்தார்கள்.

அரவம் அத்தகையதன்று. 'ரவம்' இல்லாத, ஒலிநயமற்ற மொழி என்று சிலர் பிரித்துப் பொருள் சொல்வது பிற்காலக் கேலி. தொல்காப்பிய உரையாசிரியர்கள் எண்ணும் பன்னிரு நிலங்களில் அருவாநாடு ஒன்று, அருவாவடதலை மற்றொன்று. பெண்ணையாற்றுக்கு வடக்கே, நம் அண்ணாமலையைச் சூழ்ந்த இப்பிரதேசமே அருவாநாடு என்பர். கரிகாலனுக்கு அருவாளர் அடங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய பூகோள நூலிலும் 'அருவார்னோய்' என்று ஒரு ஜனக்கூட்டம் வருகிறது. அலமானி என்ற எல்லைக் குலத்தின் பெயரால் பிரெஞ்சுக்காரர் ஜெர்மானியர் அனைவரையும் அழைப்பதுபோல, தெற்கு நோக்கி வந்த தெலுங்கர் முதலில் எதிர்ப்பட்ட அருவாநாட்டார் பெயரையே தமிழர் யாவருக்கும் சூட்டினர் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.



'அரவம்' என்ற சொல்லில் கேலித் தொனி ஒட்டிக்கொண்டதால் இன்று கற்ற தெலுங்கர் 'தமிளம்' என்றே சொல்லுகின்றனர், அது மரியாதைதான். ஆயினும் அந்த மூதாட்டியின் வாயில் அச்சொல்லைக் கேட்டபோது என் நெஞ்சம் நெகிழ்ந்தது. அருவாநாடு என்ற பெயரை அருவாநாட்டில் வாழும் நாம் மறந்துவிட, அவர் அதைச் சுமந்து வந்து அந்த மண்ணிலேயே நின்று உச்சரித்தார்.